செவிலியர் உடையில் மேயர்

பதவி உயர்ந்தபின் பழைய தொழிலை மறைப்போர் பலர். மும்பை மாநகரின் மேயராக 2019 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை விளங்கிய கிஷோரி பெட்னேகர் அம்மையார் அவ்வாறு மறைக்கவில்லை. அவர் முன்னாள் செவிலியர்.

2020இல் கொரோனா பரவியது. நோயாளியைத் தொட்டுக் காத்த செவிலியரையே அண்டை வீட்டார் ஒதுக்கிய காலம் அது. அவ்வாண்டு ஏப்ரலில் அம்மையார் மீண்டும் செவிலியர் சீருடை அணிந்து, மாநகராட்சியின் நாயர் மருத்துவமனைக்குச் சென்று, அங்குள்ள செவிலியர்க்கு ஊக்கமளித்தார்.

தீண்டாமையின் கொடுமையை அறிந்த நாம் அச்செயலின் பொருளை நன்குணர்வோம். பிறர் உடலைத் தொட்டுக் காக்கும் தொழில் இழிவன்று, அது பெருமைக்குரியது. ஆகவே, செவிலியர் கல்வி பயில விழையும் நம் தொண்டிப் பெண்மக்களைத் தடுக்காது அனுப்பி வைப்போம். பதவிக்காலம் ஒருநாள் முடியும். கற்ற தொழிலோ என்றும் கைவிடாது.