முதலில் நெருப்பு, பிறகுதான் கேஸ்

அமெரிக்க வீடுகளில் கேஸ் ஓவன் பழுதுபார்ப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் புகார் ஒன்று உண்டு. ஓவனின் அடியில் பர்னரைப் பற்றவைக்கும் இக்னைட்டர் சிவந்து ஒளிர்கிறது, நிமிடங்கள் கடக்கின்றன, கேஸ் வரவில்லை, பர்னர் பற்றவில்லை. வீட்டுக்காரர் ஒளிரும் இக்னைட்டரைக் கண்ணால் பார்க்கிறார், ஆகவே அது நன்றாகத்தான் இருக்கிறது, வால்வில்தான் கோளாறு என்று முடிவு கட்டுகிறார். பெரும்பாலான நேரங்களில் அந்த முடிவு தவறு. இக்னைட்டர் தளர்ந்துவிட்டது, அதை உணர்ந்த வால்வு திறக்க மறுக்கிறது. அந்த மறுப்பைப் பழுது என்று மட்டும் பார்த்தால் அதன் பொருள் நமக்குப் பிடிபடாது. மூடிய பெட்டிக்குள் கேஸை எரிக்கத் துணிந்த நாளிலிருந்து மனிதர்கள் விடை தேடிவந்த கேள்வி ஒன்றுதான்: நெருப்பு தயாராக இருக்கிறது என்று உறுதியான பிறகே கேஸ் வரவேண்டும், ஆனால் அந்த உறுதியைத் தருவது யார்? கேஸ் ஓவன் பற்றவைப்பின் வரலாறு, தீக்குச்சியிலிருந்து சுவிட்சுக்கு வந்த வசதியின் கதையாகவே வழக்கமாகச் சொல்லப்படுகிறது. காவல் பொறுப்பு மனிதக் கையிலிருந்து படிப்படியாகக் கருவிக்கு மாறிய கதையாக அதைப் படித்தால்தான் இன்றைய கோளாறுகளும் புரிகின்றன என்பது என் வாதம்.

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன் நகரில் கேஸ் நிறுவனமொன்றில் பணியாற்றிய ஜேம்ஸ் ஷார்ப் 1826-ல் கேஸ் அடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1836-ல் அதைத் தயாரிக்கத் தொழிற்சாலையும் தொடங்கினார். லண்டன் ரிஃபார்ம் கிளப்பின் சமையற்கூடத்தில் அலெக்சிஸ் சோயர் 1840-களின் தொடக்கத்திலேயே கேஸில் சமைத்தார். ஆனாலும் பொதுமக்கள் நெடுங்காலம் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்குவது சரியல்ல. திறந்த பர்னரில் கேஸ் பற்றாமல் கசிந்தால், அது அறைக் காற்றில் பரவி நீர்த்துப்போக ஓரளவு வாய்ப்பு இருக்கிறது. ஓவனோ கதவுள்ள இரும்புப் பெட்டி. இயற்கை எரிவாயுவைப் பொறுத்தவரை காற்றில் அதன் பங்கு ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை இருக்கும்போதுதான் அது தீப்பற்றும். ஒரு கூடத்தை அந்த அளவுக்கு நிரப்ப நேரமாகும். ஓவன் பெட்டிக்கு வெகு சில நிமிடங்களே போதும். பற்றவைப்பதில் ஏற்படும் சிறு தாமதம் அடுப்பில் எரிச்சலூட்டும் விஷயம், ஓவனில் வெடிவிபத்து. ஓவனின் பற்றவைப்புச் சிக்கல்கள் அனைத்தும் இந்த மூடிய வடிவத்திலிருந்தே பிறக்கின்றன.

முதல் காவலாளி சமைப்பவரேதான். ஜான் வாக்கர் 1827-ல் விற்கத் தொடங்கிய உரசல் தீக்குச்சி பரவிய பிறகு வழக்கம் நிலைபெற்றது: கதவைத் திற, குச்சியைக் கொளுத்து, பர்னரருகே பிடி, அதன்பின் குழாயைத் திருகு. இந்த வரிசை மாறினால் ஆபத்து. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டனில் காசு போட்டால் கேஸ் தரும் மீட்டர்கள் தொழிலாளர் வீடுகளுக்கு வந்தபோது, வரிசை மாறுவதற்குப் புதிய வழியொன்று திறந்தது. போட்ட காசு தீர்ந்ததும் சுடர் தானே அணையும். குழாய் திறந்தே இருக்கும். பிறகு வேறொருவர் காசு போட்டால் எரியாத கேஸ் வெளிவரும். யாரும் கவனக்குறைவாக இல்லாமலேயே விபத்து நேரக்கூடும் என்பதை அந்த ஏற்பாடு காட்டியது. 1923-ல் ரேடியேஷன் நிறுவனம் நியூ வேர்ல்ட் குக்கரில் ரெகுலோ என்ற வெப்பக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. சமையல் வரலாற்றில் அது பெரிய திருப்பம். ஆனால் பற்றவைப்பில் அது கைவைக்கவில்லை. அவ்வகைத் தெர்மோஸ்டாட் சுடரை முழுவதும் அணைப்பதில்லை. சூடு போதுமானதும் சுடரைத் தாழ்த்தி, சிறு வழியில் கேஸை விட்டுக்கொண்டே இருக்கும். ஒருமுறை பற்றவைத்தால் சமையல் முடியும்வரை போதும்.

அடுத்த காவலாளி பைலட் சுடர். எந்நேரமும் எரியும் சிறு சுடர் ஒன்று இருந்தால் நெருப்பு தயார்தானா என்ற கேள்வியே எழாது என்பது அதன் தர்க்கம். தர்க்கத்தில் ஓட்டை இருந்தது: பைலட்டே அணைந்துபோனால்? ஆரம்பகால ஓவன்கள் பலவற்றில் அதற்கு மூக்கைத் தவிர வேறு எச்சரிக்கை இல்லை. மூக்கும் தானாக எச்சரிக்காது என்பதை 1937 மார்ச் 18 உலகுக்குச் சொன்னது. டெக்சாஸ் மாநிலத்தின் நியூ லண்டன் பள்ளியில், மணமற்ற இயற்கை எரிவாயு யாரும் அறியாமல் கட்டடத்தின் அடியில் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்தார்கள். அங்கே ஓவனுக்குத் தொடர்பில்லை. ஆனால் எரிவாயுவில் நாற்றமூட்டும் பொருள் கலக்கவேண்டும் என்ற விதிகள் அதன்பின்தான் வலுவாக வந்தன. சமையலறையில் கேஸ் கசிந்தால் இன்று நமக்கு வரும் அந்த நெடிக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகளின் மரணம் இருக்கிறது.

பைலட்டைக் கண்காணிக்கக் கருவிகள் வந்தன. இரு வேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்னழுத்தம் பிறக்கும் என்ற, 1821-ல் சீபெக் கண்ட விளைவு இங்கே வேலைக்கு வந்தது. பைலட் சுடரில் நனைந்திருக்கும் தெர்மோகப்பிள் தருவது 20, 30 மில்லிவோல்ட் அளவிலான அற்ப மின்னழுத்தம். ஆனால் ஒரு சிறு மின்காந்தத்தைப் பிடித்துவைத்து வால்வைத் திறந்த நிலையில் நிறுத்த அது போதும். சுடர் அணைந்தால் சற்று நேரத்தில் முனை குளிரும், காந்தம் விடும், கேஸ் நிற்கும். அமெரிக்க ஓவன்கள் பலவற்றில் பாதரசம் அடைத்த சிறு குமிழ் இதே பணியைச் செய்தது: பைலட் சுடரில் குமிழ் சூடாகி உள்ளிருக்கும் திரவம் விரிந்தால்தான் முதன்மை வால்வு திறக்கும். காவல் முதன்முறையாக மனிதரின் கையைவிட்டுப் போனது இங்கேதான். சுடர் இருக்கிறது என்பதற்கான சாட்சியைச் சுடரின் சூடே தந்தது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பின்னாளில் பைலட்டை ஒழித்தது பாதுகாப்பு அல்ல, எரிபொருள் சிக்கனம்தானே என்று கேட்கலாம். உண்மைதான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கலிஃபோர்னியா 1974-ல் இயற்றிய வாரன்-ஆல்குவிஸ்ட் சட்டம், புதிய கேஸ் சாதனங்களில் ஓயாது எரியும் பைலட்டை விலக்க வழிசெய்தது. 1987-ல் வந்த கூட்டரசுச் சட்டம், மின்இணைப்புக் கம்பியுள்ள கேஸ் அடுப்புகளில் 1990 ஜனவரி முதல் பைலட்டைத் தடைசெய்தது. 2012 ஏப்ரலில் மின்இணைப்பில்லாத அடுப்புகளுக்கும் தடை நீண்டது. யாரும் சமைக்காத இரவிலும் எரியும் சுடர் நாடு முழுவதும் எவ்வளவு கேஸைத் தின்றது என்பதே சட்டமியற்றியவர்களின் கவலை. ஆனால் சட்டம் சொன்னது பைலட்டை எடு என்பதை மட்டுமே. அந்த இடத்தில் எதை வைப்பது என்று தீர்மானித்த பொறியாளர்கள், பைலட் காலத்தில் கற்ற காவல் ஒழுங்கை விட்டுக்கொடுக்கவில்லை. மாற்றத்துக்கான நெருக்குதலைச் சிக்கனம் தந்தது. மாற்றத்தின் வடிவத்தைப் பாதுகாப்பே தீர்மானித்தது.

அந்த வடிவம் மிக அழகானது, சற்று விரிவாகவே பார்க்கலாம். எட்வர்ட் அச்சிசன் 1890-களின் தொடக்கத்தில் தயாரித்த சிலிக்கான் கார்பைடு, சாணைக்கல்லுக்கான பொருளாகப் புகழ்பெற்றது. அதற்கு வேறொரு குணமும் உண்டு: சூடாகும்போது அதன் மின்தடை குறையும். ஓவனில் இந்தப் பொருளால் ஆன இக்னைட்டரையும் கேஸ் வால்வையும் ஒரே மின்பாதையில் தொடராக இணைத்தார்கள். இக்னைட்டர் வழியாகப் பாய்ந்த மின்னோட்டமே வால்வுக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டையைச் சூடாக்கி வளைக்கவேண்டும். இக்னைட்டர் குளிர்ந்திருக்கும்போது தடை அதிகம், மின்னோட்டம் குறைவு, பட்டை அசையாது. அது 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காய்ந்ததும் மின்னோட்டம் ஏறுகிறது. தட்டை வடிவ இக்னைட்டர்களில் வழக்கமாக 3.2 முதல் 3.6 ஆம்பியர், பட்டை வளைகிறது, கேஸ் வருகிறது, வந்த கணமே பற்றுகிறது. தனி உணரி இல்லை, கணினி இல்லை. நெருப்பூட்டும் பொருளே தன் சூட்டுக்குச் சாட்சி சொல்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டில் இக்னைட்டருக்கு ஓய்வு இல்லை. பர்னர் எரியும் நேரம் முழுவதும் அதன் வழியே மின்சாரம் ஓடவேண்டும், நின்றால் வால்வு மூடிவிடும். அதோடு இவ்வகை ஓவன்கள் சூட்டை நிலைநிறுத்தச் சுடரைத் தாழ்த்துவதில்லை. முழுவதும் அணைத்து மறுபடி பற்றவைக்கின்றன. ஒரே ரொட்டி வேகும் நேரத்துக்குள் பலமுறை காய்ந்து குளிரும் அந்தக் கட்டை நாளடைவில் நுண்விரிசல் கண்டு, தடை கூடி, 3 ஆம்பியரைக் கூட எட்டாத நிலைக்கு வருகிறது. அப்போதும் அது ஒளிரும். கண்ணுக்கு அந்த ஒளி போதும், வால்வுக்குப் போதாது. முழுதாக மறுப்பதற்கு முன் ஓவன் பல வாரங்கள் அறிகுறி காட்டும்: ஒன்றரை நிமிடத்துக்குள் பற்றியது இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், பற்றும்போது இலேசான கேஸ் நெடி வரும், சில வேளை ‘தப்’பென்று ஓசை கேட்கும். வால்வு அரைகுறையாகத் திறப்பதன் விளைவு இது, அலட்சியப்படுத்தக் கூடாத கட்டமும் இதுதான்.

பழைய பைலட்டே மேல் என்பவர்களின் வாதத்தையும் நியாயமாக எடைபோட வேண்டும். மின்சாரம் போனாலும் பைலட் ஓவன் வேலை செய்தது. அணைந்தால் வீட்டுக்காரரே குச்சியால் கொளுத்திக்கொண்டார். இக்னைட்டர் ஓவனோ மின்வெட்டில் முடங்கும். தீக்குச்சியும் உதவாது, ஏனென்றால் மின்னோட்டம் இல்லாமல் வால்வு திறக்காது. புயலில் நாட்கணக்கில் மின்சாரம் இழக்கும் ஊர்களில் இது உண்மையான இழப்பு. அதைத் தடுக்கமுடியாத விலை என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை; தெர்மோகப்பிள் வகையில் அந்த இழப்பு இல்லை என்பதால்தான். ஐரோப்பிய கேஸ் ஓவன்கள் பலவற்றில் குமிழை அழுத்திப் பற்றவைத்து, தெர்மோகப்பிள் சூடாகும்வரை சில விநாடி பிடித்திருக்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது பல மாடல்களில் குச்சியும் பயன்படும், காவலும் கெடாது. அங்கே வரும் முக்கியமான புகார், கையை எடுத்ததும் சுடர் அணைகிறது என்பது: விரல் சீக்கிரம் விட்டிருக்கும், அல்லது தெர்மோகப்பிள் முனை கரிபிடித்தோ சுடரைவிட்டு விலகியோ இருக்கும். ஆகவே வழக்கு பைலட்டுக்கும் மின்சாரத்துக்கும் இடையில் இல்லை. சாட்சி சொல்லும் வேலையை எதனிடம் ஒப்படைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

மேலடுப்பில் இத்தனை ஏற்பாடு இல்லையே என்ற கேள்வி எழலாம். 1880-ல் கியூரி சகோதரர்கள் கண்ட பீசோ விளைவால் இயங்கும் லைட்டர் தமிழ்நாட்டு வீடுகளில் சுவரில் தொங்குகிறது. பொறி தட்டினால் அடுப்பு பற்றுகிறது. சுடர் அணைந்தால் கேஸை நிறுத்தும் கருவி நம் அடுப்புகள் பலவற்றில் கிடையாது. கண்ணெதிரே, திறந்தவெளியில் எரிகிறது என்ற நம்பிக்கையே அங்கே காவல். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும் என்பதால் அந்த நம்பிக்கைக்கும் எல்லை உண்டு. அந்தப் பழக்கத்தை அப்படியே ஓவனுக்குக் கொண்டுபோகவே கூடாது. பற்றாத ஓவனில் குமிழைத் திறந்துவைத்துக்கொண்டு லைட்டரைத் திரும்பத் திரும்பத் தட்டுவது, 19-ஆம் நூற்றாண்டு சமையலறை கற்ற பாடத்தை மறந்த செயல்.

சரிபார்க்கும் முறையும் இந்த வரலாற்றின் வழியே போனால் சுலபமாகிறது. பொறியில் பற்றும் ஓவன் என்றால், பொறி வந்தும் தீ வரவில்லையெனில் பர்னர் துளையில் அடைப்போ, மின்முனையின் பீங்கானில் விரிசலோ ஈரமோ இருக்கும். பொறியே வராவிட்டால் பேட்டரியை முதலில் பார்க்கவேண்டும். நெடி வந்தால் எல்லாவற்றுக்கும் முன் சிலிண்டரையோ குழாயையோ மூடி, ஜன்னலைத் திறந்து, சுவிட்ச் எதையும் தொடாமல் இருக்கவேண்டும். ஒளிரும் இக்னைட்டர் வகையென்றால், விலை கூடிய வால்வை மாற்றச் சொல்வதற்கு முன் மின்னோட்டத்தை ஆம்பியர் மீட்டரில் அளந்து காட்டும்படி மெக்கானிக்கிடம் கேட்கலாம். தட்டை வடிவ இக்னைட்டரில் மீட்டர் 2.7 காட்டினால் மாற்றவேண்டியது இக்னைட்டரைத்தான்.