எலிசாவும் உள்ளத்தின் மொழியும்

உடலின் நோயை நாடியும் குருதியும் காட்டும். உள்ளத்தின் நோயைக் காட்டுவது பெரும்பாலும் நோயாளியின் சொல்லே. அச்சொல்லைக் கேட்கும் பணியை இயந்திரத்திடம் ஒப்படைக்கலாமா என்னும் வினாவின் வரலாறு சிந்தனைக்குரியது.

ஜோசப் வைசன்பாம் 1923 ஆம் ஆண்டு பேர்லினிற் பிறந்தவர். யூதராகையால், 1936 இல் அவர் குடும்பம் ஜேர்மனியை நீங்கி அமெரிக்காவிற் குடியேறிற்று. மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பணியாற்றிய அவர், 1966 இல் 'எலிசா' என்னும் கணினிச் செய்நிரலைப் பற்றி எழுதினார். பேணாட் ஷாவின் நாடகத்திலே நாகரிகமாகப் பேசக் கற்கும் பூக்காரியின் பெயர் அது.

எலிசா உளமருத்துவர்போல் உரையாடிற்று. ஒருவர் தம் தாயாரைப் பற்றித் தட்டச்சிற் பொறித்தால், 'தாய்' என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு, குடும்பத்தைப் பற்றி மேலுங் கூறுமாறு வேண்டும். பொருள் யாதும் அதற்கு விளங்காது. ஆயினும், அதன் ஆக்கத்தை மாதக்கணக்காகக் கண்டிருந்த வைசன்பாமின் காரியதரிசியே, அதனோடு சில வார்த்தைகள் பேசியதும், அவரை அறையைவிட்டு வெளியேறுமாறு கேட்டுக்கொண்டார்.

உளமருத்துவர் கெனத் கோல்பி இதில் நன்மையையே கண்டார். மருத்துவர் குறைந்த மருத்துவமனைகளுக்கு இத்தகைய செய்நிரல் உதவுமென அவரும் துணைவரும் 1966 இல் எழுதினர். 1972 இல், ஐயப்பித்துக் கொண்ட நோயாளிபோற் பேசும் 'பரி'யை அவர் அறிமுகஞ் செய்தார். அதன் உரையாடலைப் படித்த உளமருத்துவர்களால், அதனை மெய்யான நோயாளியின் பேச்சிலிருந்து பிரித்தறிய இயலவில்லை.

வைசன்பாமோ கலங்கினார். இயந்திரத்தாற் செய்ய இயலுமெனினும் அதனிடம் ஒப்படைக்கத் தகாத பணிகள் உள என 1976 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

பின்னர் வேறொரு வழி பிறந்தது. உளவியலாளர் ஜேம்ஸ் பெனபேக்கரும் துணைவரும் சொற்களை எண்ணும் செய்நிரலை ஆக்கினர். மனச்சோர்வுற்ற மாணவர் தம் கட்டுரைகளில் 'நான்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஏனையோரினும் மிகுதியாக வழங்கினரென 2004 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இங்கே இயந்திரம் மருத்துவராக நடிக்கவில்லை, ஆய்வாளனுக்குக் கணக்கனாயிற்று.

இவ்வழிக்கும் எல்லையுண்டு. தமிழில் 'வருந்துகிறேன்' என்றால் 'நான்' வினைமுற்றுக்குள் அடங்கிவிடும்; ஆங்கிலத்துக்கு வகுத்த கணக்கு இங்கே பிழைக்கும். மேலும், பலரின் எழுத்திலே தோன்றும் போக்கு, தனியொருவரின் நோயைத் தீர்ப்பிடப் போதாது. எண்ணிக்கை மருத்துவருக்கு ஒரு குறிப்பை அளிக்கலாம். அக்குறிப்பின் பொருளை நோயாளியின் அருகிருந்து கேட்டறிவது மனிதரின் கடமையாகவே எஞ்சுகின்றது.