குதிரை மறியும் கடாரத்துத் தமிழரும்

ஆடு, குதிரை, மான் ஆகியவற்றின் இளமைப் பெயர் 'மறி' என்று தொல்காப்பிய மரபியல் வகுத்துரைக்கின்றது. இன்று நம் மாணவர் ஆட்டுமறி என்பதை ஒருவாறு அறிவர். குதிரைமறி என்றால் விழிப்பர். ஒரு சொல் வழக்கொழியும்போது, அச்சொல் குறித்த பொருளோடு மக்களுக்கு இருந்த பழக்கமும் உடன் ஒழிகின்றது. குதிரையைப் பொறுத்தமட்டில் அப்பழக்கம் நம்மிடையே எவ்வாறு வளர்ந்தது, கடல் கடந்து கெடா வரையில் எவ்வாறு வந்தது, எவ்வாறு மறைந்து வருகின்றது என்பதே இக்கட்டுரையின் பொருள். இளங்குதிரையைப் பார்த்த அளவில், இது விரைந்தோடும், இது ஓடாது என்று கூறும் கண் யாரிடம் இருந்தது என்னும் வினாவே நமக்கு வழிகாட்டியாகும்.

கடல் வழி வந்த பரி

தமிழகத்திற்குக் குதிரை பெரும்பாலும் வந்தேறிய செல்வமே. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் குவிந்த பொருள்களைக் கூறும் பட்டினப்பாலை, கடல் வழி வந்த குதிரைகளை முதலில் வைக்கின்றது. அதே பட்டியலில் காழகத்துப் பொருள்களும் இடம்பெறுகின்றன. காழகம் என்பது கடாரமே என்பர் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா ஆகும். ஆகவே குதிரையும் கெடாவும் ஒரே துறைமுகத்தில் ஒரே பாட்டில் சந்திக்கின்றன என்பது நம் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்க செய்தியாகும்.

சேரன் குதிரை பாடலம், சோழன் குதிரை கோரம், பாண்டியன் குதிரை கனவட்டம் என்று பெயரிட்டுப் போற்றினர் நம் முன்னோர். மயூரகதி, வானரகதி, சரகதி முதலாகக் குதிரையின் நடையை ஐந்தாகப் பகுத்தனர். சுழியும் நிறமும் பார்த்து நன்மை தீமை கூறினர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய பொருளை மணிவாசகர் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவிட்டதும், நரிகள் பரிகளாய் மதுரைக்கு வந்ததும் திருவிளையாடற் புராணத்தில் யாவரும் அறிந்த கதை. அக்கதையின் உட்பொருள் எதுவாயினும், வெளிப்பொருள் ஒன்று உண்டு. அரசன் கருவூலத்தைத் திறந்து குதிரை வாங்கினான். வந்தது பரியா நரியா என்பதை அன்றிரவு வரையில் அவனால் அறிய முடியவில்லை!

கதையை விடுத்து வரலாற்றுக்கு வருவோம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்டெழுதிய வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, அரசர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான அரபுக் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சின என்றும் குறிக்கின்றார். பேணத் தெரிந்தவர் இல்லாமையே காரணமாம். குதிரை மருத்துவர் இங்கு வந்துவிட்டால் விற்பனை குறையும் என்று வணிகர் அவர்களை வரவிடாது தடுத்தனர் என்பதும் அவர் கூற்றே. இதில் மிகை இருக்கலாம். எனினும், விலைக்கு வாங்கும் செல்வம் வேறு, தேர்ந்து பேணும் அறிவு வேறு என்னும் உண்மையை இது நன்கு விளக்குகின்றது.

மலாயாவில் பந்தயம்

மலாயாத் தீபகற்பத்திற்கும் குதிரை அயல் விலங்கே. மலாய் மொழியில் அதன் பெயர் 'குடா'. இது குதிரை என்னும் சொல்லோடு உறவுடைய இந்தியச் சொல் என்று மொழியறிஞர் சிலர் கருதுவர். சுமத்திராவின் டெலிப் பகுதி மட்டக்குதிரைகள் வண்டியிழுக்க வந்தன. ஆங்கிலேயர் ஆட்சி நிலைத்த பின்னர்ப் பந்தயக் குதிரைகள் வந்தன. சிங்கப்பூரில் 1842இலும், பினாங்கில் 1864இலும், பேராக்கில் 1886இலும், சிலாங்கூரில் 1896இலும் பந்தயக் கழகங்கள் தோன்றின. வார இறுதிப் பந்தயம் இந்நகரங்களில் முறை வைத்து நடைபெற்றது.

கெடாத் தமிழருக்குப் பந்தயம் என்றால் பினாங்குதான். சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய்ப் பக்கத்துத் தோட்டங்களில் சம்பளம் வாங்கியவர்களுள் சிலர், பட்டர்வொர்த் வரையில் பேருந்தில் சென்று, பெர்ரி ஏறி, பத்து கந்தோங் திடலுக்குச் சென்றனர். பால்மரத்தடியில் விடியுமுன் எழுந்து உழைத்த கூலி அந்தி சாயுமுன் கரைந்த கதைகளும் பல. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் திடலில் தமிழன் பார்வையாளனாக மட்டும் இருந்தானல்லன். குதிரை பேணுவோனைச் 'சைஸ்' என்றனர். அரபியில் பிறந்து, இந்துஸ்தானி வழியாக ஆங்கிலேயர் நாவில் ஏறிய சொல் இது. இத்தொழிலில் தமிழர் பலர் இருந்தனர். சாவகத்தை அடுத்த பாவியான் தீவினரும் பிறரும் உடனிருந்தனர். மோட்டார் வண்டி வந்த பின்னும் சொல் மாறவில்லை. மலாயாவில் காரோட்டியையும் சைஸ் என்றே வெள்ளையர் அழைத்தனர்.

கிரிபின் என்னும் புதுக்குதிரை

இக்கழகங்களில் 'கிரிபின்' என்றொரு முறை இருந்தது. இந்தியாவிற்குப் புதிதாக வந்த வெள்ளையனைக் கேலியாகக் குறித்த சொல், பந்தயமே ஓடாத புதுக்குதிரைக்கு ஆகிவந்தது. உறுப்பினர் சந்தா செலுத்துவர். கழகம் ஆஸ்திரேலியாவிலிருந்து இளங்குதிரைகளைத் தொகையாக வரவழைக்கும். யாருக்கு எக்குதிரை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வர். தோட்டத் துரையாயினும், சீனத் தவுக்கேயாயினும், அரச குடும்பத்தவராயினும், சீட்டில் வந்ததையே கொள்ள வேண்டும்.

இம்முறையின் உட்கிடை நோக்கத் தக்கது. பணத்தால் நல்ல குதிரையை முன்னரே பொறுக்கிவிட வழியில்லை. குதிரை கொட்டடிக்கு வந்த பின்னரே அதன் தகுதி தெரியத் தொடங்கும். அதை முதலில் அறியக்கூடியவன் யார்? நாள்தோறும் கொள்ளு வைத்து, உடல் தேய்த்து, வெயிலேறுமுன் நடத்திச் சென்று, கணுக்காலைத் தொட்டுச் சூடு பார்த்தவன் அல்லனோ! பட்டத்தையும் கோப்பையையும் பெற்ற உரிமையாளர் பெயர்கள் ஏடுகளில் உள்ளன. முதலில் கண்டவன் பெயர் எங்கும் இல்லை.

எதைக் கண்டனர்?

மாலைப் பந்தயத்தில், ஓட்டத்திற்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவர். தேர்ந்த கண் முதலில் நடையைப் பார்க்கும். பின்னங்குளம்பு முன்னங்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுமாயின் நீண்ட தாவலுக்கு அது அறிகுறி. முழங்கால் பின்னோக்கி வளைந்ததா, தோள் சரிந்து அமைந்ததா, மார்புக்கூடு ஆழமுடையதா என்பன அடுத்தவை. ஓட்டம் தொடங்குமுன்னே கழுத்திலும் தொடையிடுக்கிலும் நுரைத்து வியர்ப்பது மன அமைதியின்மையைக் காட்டும். பல்லைப் பார்த்து அகவை அறிவர். இரண்டரை அகவையளவில் நடுப் பாற்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். முழங்கால் எலும்பின் வளர்ச்சி முற்றுவதும் ஏறத்தாழ அப்பருவத்திலேதான். அதற்கு முன் மிகுதியாக விரட்டப்படும் குதிரை கால் கெட்டுப்போதல் எளிது.

ஓட்டத்திலும் வென்ற குதிரையை மட்டும் பார்ப்பது போதாது. முதல் ஓட்டத்தில் திகைத்துப் பின்தங்கி, கடைசி நூறு கெஜத்தில் தானாகவே நீட்டி ஓடி நாலாவதாக வந்தது எது? எல்லை தாண்டியும் மூச்சு வாங்காமல் காதை நிமிர்த்தி நின்றது எது? அடுத்த பந்தயத்திற்குரிய குதிரை அதுவே என்பர்.

இவ்வளவு இலக்கணமிருந்தும் கண் ஏமாறுவதுண்டு. நியூசிலாந்தில் 1926இல் பிறந்த 'பார் லாப்' 160 கினி விலைக்குப் போனது. வந்த குதிரையைக் கண்ட உரிமையாளர் வெறுத்தார். 1929இல் ஓடிய முதற் பந்தயத்தில் அது கடைசியாக வந்தது. அதே குதிரை 1930இல் மெல்போர்ன் கோப்பையை வென்றது! அதன் பெயர் மின்னல் எனப் பொருள்படுவது. கெடாவின் எல்லைக்கு அப்பால் வழங்கும் தாய்லாந்து மொழியிலும் அச்சொல் உண்டு. மறுபுறம், 2006இல் அமெரிக்காவில் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஏலம் போன 'கிரீன் மங்கி' மூன்று முறை ஓடி ஒன்றிலும் வெல்லவில்லை. பாண்டியனின் நரிப்பரி எல்லாக் காலத்திலும் உண்டு.

திறமையா, சூதா?

இவ்வினா நீதிமன்றமும் ஏறியது. தமிழ்நாட்டரசு 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1996இல் இந்திய உச்சநீதிமன்றம், பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைப் பொறுத்தது என்று தீர்ப்பளித்தது. குதிரையைப் பற்றி அத்தீர்ப்பு மெய்யே. ஆனால் பணம் கட்டியவர் எல்லோரிடமும் அத்திறமை இருந்ததா? மலேசியாவில் 'நோம்போர் ஏக்கோர்' என்னும் எண் சூது பந்தயக் கழகங்களின் நிழலிலேயே வளர்ந்தது. ஏக்கோர் என்பதற்கு வால் என்பது பொருள். பரிசுச் சீட்டின் கடைசி இலக்கங்களையே அது குறித்தது. இதன் நான்கிலக்க ஆட்டம் 1951இல் கெடாவில் ஒரு பள்ளி மாணவன் தன் மிதிவண்டியைப் பரிசாக வைத்துத் தொடங்கியதிலிருந்து வந்தது என்பர். குதிரையைப் பார்த்தவன் மறைந்தான். குதிரையின் வால்கூட வேண்டாத எண் மட்டும் நின்றது. தோட்டத்துக் கூலியைத் தின்றதில் இவ்வெண்ணிற்குப் பெரும்பங்குண்டு.

சிங்கப்பூரில் 2024 அக்டோபரோடு பந்தயம் நின்றது. பினாங்கில் 2025 மே மாதம் இறுதிப் பந்தயம் ஓடியது. கெடாத் தமிழர் பெர்ரி ஏறிச் சென்ற திடல் அடங்கிவிட்டது. சூது குறைந்ததென மகிழ்வோர் மகிழலாம், அதில் தவறில்லை. ஆயினும் கொட்டடியில் வாழ்ந்த தமிழரின் தொழிலறிவு சூதன்று. அது உழைப்பில் விளைந்த கல்வி. பாட்டனார் குதிரைக்காரராக இருந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் இன்னும் இருக்கக்கூடும். காலின் சூட்டுக்கும், நடையின் கோணலுக்கும், மருந்துக்கும், தீனிக்கும் அவர்கள் வழங்கிய சொற்களைத் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு கேட்டு எழுதிவைத்தல் நன்று. மரபியல் பாடம் நடத்தும் நாளில், குதிரைக்கு 'மறி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "உங்கள் வீட்டில் குதிரை வளர்த்தவர் யாரேனும் உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்.