ஹார்டு டிஸ்க் இல்லாத கணினிகள்: ஒரே லினக்ஸ் சர்வரில் ஒரு கணினி அறை

நம் ஊர்களில் பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் பழைய கணினிகள் நன்கொடையாக வருவதுண்டு. பெரும்பாலும் அலுவலகங்கள் கழித்துவிட்டவை அவை. சிலவற்றில் ஹார்டு டிஸ்க் பழுதாகியிருக்கும். சிலவற்றில் இயங்குதளம் காலாவதியாகியிருக்கும். ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஆளும் பணமும் இல்லாமல் மூலையில் அடுக்கிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு உதவ வேண்டிய பொருள் தூசி படிந்து கிடக்கிறது.

இந்தக் கணினிகளை ஹார்டு டிஸ்க் இல்லாமலேயே இயக்க ஒரு வழி உண்டு. நல்ல நிலையிலுள்ள ஒரே ஒரு கணினியில் லினக்ஸை நிறுவி, மற்றவை அனைத்தையும் நெட்வொர்க் கேபிள் வழியாக அதிலிருந்தே பூட் செய்வதுதான் அது. இதற்கென 1999-ல் ஜிம் மெக்குவில்லன் தொடங்கியது 'லினக்ஸ் டெர்மினல் சர்வர் புராஜெக்ட்', சுருக்கமாக எல்டிஎஸ்பி. இது கட்டணமில்லாத மென்பொருள். உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் இயங்குகிறது.

கணினி எப்படி எழுகிறது?

பவர் பட்டனை அழுத்தியதும் நான்கு காரியங்கள் வரிசையாக நடக்கின்றன.

1. கணினியின் நெட்வொர்க் கார்டில் பிஎக்ஸ்இ என்ற சிறு நிரல் இருக்கிறது. இன்டெல் நிறுவனம் 1990-களின் இறுதியில் வகுத்த முறை இது. "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று அது நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும். டிஎச்சிபி சேவை ஐபி முகவரியையும், எந்தக் கோப்பைக் கொண்டு பூட் ஆக வேண்டும் என்பதையும் சொல்லும்.

2. டிஎஃப்டிபி என்ற எளிய முறையில் அந்தக் கோப்பு இறங்கும். அடுத்து லினக்ஸ் கெர்னலும், அதற்குத் துணையான தொடக்கக் கோப்பும் வந்து சேரும்.

3. கெர்னல் இயங்கத் தொடங்கியதும், சர்வரிலுள்ள இயங்குதள இமேஜை என்எஃப்எஸ் மூலம் தன்னுடைய வட்டைப் போலப் பயன்படுத்தும். இந்த இமேஜை வாசிக்க மட்டுமே முடியும். கணினியில் செய்யும் மாற்றங்கள் ரேமில் நின்று, அணைத்ததும் மறைந்துவிடும்.

4. மாணவர் தம் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால், சர்வரிலுள்ள அவரது சொந்தக் கோப்புகள் திறக்கும். நாளை வேறு கணினியில் அமர்ந்தாலும் அதே கோப்புகள் கிடைக்கும்.

இந்த வரிசையை அறிந்திருந்தால் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. திரையில் பிஎக்ஸ்இ-இ61 என்று வந்தால் முதலில் கேபிளைப் பாருங்கள். இ51 என்றால் டிஎச்சிபி பதில் தரவில்லை. இ53 என்றால் முகவரி கிடைத்தது, பூட் கோப்பின் பெயர் கிடைக்கவில்லை. இ32 என்றால் டிஎஃப்டிபி பதிலளிக்கவில்லை.

வேலை எங்கே நடக்கிறது?

இதில் இரண்டு வகை உண்டு. 'தின் கிளையன்ட்' முறையில் நிரல்கள் எல்லாம் சர்வரிலேயே ஓடும். எதிரிலிருக்கும் கணினி திரையும் கீபோர்டும் மட்டுமே. மிகக் குறைந்த ரேம் போதும். ஆனால் பத்துப் பேர் வீடியோ பார்த்தால் சர்வர் திணறும். இன்னொரு முறையில் இயங்குதளம் சர்வரிலிருந்து வரும். நிரல்கள் அந்தந்தக் கணினியின் பிராசசரிலும் ரேமிலும் ஓடும். இன்றைய எல்டிஎஸ்பி இந்த இரண்டாவது முறையையே முதன்மையாகக் கொண்டுள்ளது. இணையம் பார்க்க வேண்டுமானால் கணினிக்கு 2 ஜிபி ரேமாவது இருப்பது நல்லது. மிகப் பழைய 32 பிட் கணினிகளில் இன்றைய உபுண்டு இயங்காது.

பணத்தை எதில் போடுவது?

கணினிகளுக்குச் செலவழிப்பதைக் குறைத்து, சர்வருக்கும் கேபிளுக்கும் செலவழிக்க வேண்டும். சர்வரின் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு அதிகபட்சம் 12.5 எம்பி செல்லும். பத்துக் கணினிகளை ஒரே நேரத்தில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 1.25 எம்பிதான். ஜிகாபிட் ஸ்விட்ச் வைத்தால், சர்வர் பக்கத்தில் இது பத்து மடங்காகும். வைஃபையை நம்ப வேண்டாம். பிஎக்ஸ்இ பொதுவாகக் கேபிள் வழியாகவே வேலை செய்யும்.

புதிய மென்பொருள் தேவையா? சர்வரில் நிறுவி, இமேஜை ஒருமுறை புதுப்பித்தால் எல்லாக் கணினிகளிலும் வந்துவிடும். திடீரென்று மின்சாரம் போனாலும், மாணவர் கணினிகளில் பழுதாவதற்கு வட்டு இல்லை.

கவனிக்க வேண்டியவை

• சர்வர் நின்றால் அறை முழுவதும் நின்றுவிடும். ஆகவே சர்வருக்கு யுபிஎஸ் அவசியம். மாணவர்களின் கோப்புகளுக்கு வேறொரு வட்டில் தினமும் நகல் எடுக்க வேண்டும்.

• ஒரே நெட்வொர்க்கில் இரண்டு டிஎச்சிபி சேவைகள் போட்டியிட்டால் குழப்பம் வரும். ரவுட்டர் முகவரி தரட்டும். சர்வர் பூட் தகவலை மட்டும் தரட்டும். டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரலில் இந்த வசதி உண்டு.

• டிஎச்சிபியும் டிஎஃப்டிபியும் கடவுச்சொல் கேட்பதில்லை. கணினி அறையின் நெட்வொர்க்கை அலுவலக நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வையுங்கள்.

• எல்லாப் பிள்ளைகளின் கோப்புகளும் ஒரே இடத்தில் இருப்பதால், சர்வரின் பொறுப்பாளர் அவற்றைத் திறந்து பார்க்க முடியும். அந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கிறோம் என்பதை நிர்வாகம் யோசித்துத் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் ஒரு சர்வர், இரண்டு பழைய கணினிகள், ஒரு ஸ்விட்ச் ஆகியவற்றை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். பயாஸ் அமைப்பில் நெட்வொர்க் பூட்டை இயக்கிவிட்டு, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். இரண்டும் சரியாக எழுந்தால், மூலையில் கிடக்கும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக இணைக்கலாம்.