குழிக்குள் இறங்கும் முன்: நீர் விநியோகப் பணியாளர் அறிய வேண்டியவை

மலேசியாவில் குழாய்த் தண்ணீர் பல மாநிலங்களில் ஒரு காலத்தில் பொதுப்பணித் துறையின், அதாவது ஜேகேஆரின், பொறுப்பில் இருந்தது. குழாய் பதிப்பது, வால்வு திருகுவது, வடிகட்டித் தொட்டி கழுவுவது ஆகியவை தமிழர்கள் பலர் பார்த்த வேலைகள். இன்று அவை மாநில நீர் நிறுவனங்களிடம் இருக்கின்றன. குழாய் உடைந்தால் நள்ளிரவில் பள்ளம் தோண்ட வருகிறவர் பல இடங்களில் குத்தகையாளரின் ஆள்.

இந்த வேலையில் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து காற்று. சாதாரணக் காற்றில் பிராணவாயு ஏறத்தாழ 20.9 விழுக்காடு. நீண்ட நாள் மூடிக் கிடக்கும் வால்வு குழியில் இரும்பு துருப்பிடிப்பதே பிராணவாயுவைக் குறைத்துவிடும். கழிவு தேங்கிய இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கலாம். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். "இப்போது வாடை இல்லை, இறங்கலாம்" என்பது உயிரைப் பறிக்கும் கணக்கு. விழுந்தவரைத் தூக்கப் பதறி இறங்கும் நண்பரும் அங்கேயே மடிவது பல நாடுகளில் நடந்திருக்கிறது.

அதனால்தான் மூடிய இடங்களில் வேலை செய்வதற்கான 2010ஆம் ஆண்டு நடைமுறை விதித்தொகுப்பு, இறங்குபவர், மேலே காவல் நிற்பவர், வாயு சோதிப்பவர், மேற்பார்வையாளர் ஆகிய நால்வருக்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. எழுத்து மூலமான அனுமதிச் சீட்டும் தேவை. பிராணவாயு 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் சாதாரணமாக இறங்கக் கூடாது. பயிற்சியை நியோஷ் எனும் தேசிய நிலையம் நடத்துகிறது.

செலவு யாருடையது? 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளியுடையது. சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்கோ பயிற்சிக்கோ தொழிலாளியிடம் காசு பிடிக்க முடியாது. பலர் அறியாத இன்னொன்று: தன் கட்டுப்பாட்டில் உள்ள விஷயங்களில், குத்தகையாளரின் ஆட்களுக்கும் வேலை கொடுத்த நிறுவனம் பொறுப்பு. "நீ எங்கள் ஆள் இல்லை" என்று அது கைகழுவ இயலாது.

1 ஜூன் 2024 முதல் சட்டம் இன்னும் கடுமையாகியுள்ளது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. முதலாளி தன் கடமையை மீறினால் அபராதம் 500,000 வெள்ளி வரை போகலாம். முன்பு அது 50,000 வெள்ளி.

காயம் பட்டால் சொக்சோ இருக்கிறது. வேலைக்குப் போய் வரும் வழியில் நேரும் விபத்தும் அதில் அடங்கும். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். மருத்துவச் சீட்டு, போலீஸ் புகார், சக ஊழியரின் சாட்சி ஆகியவற்றை அன்றே சேர்த்து வைப்பது நல்லது. தற்காலிக முடக்கத்துக்குச் சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். ஆனால் தினக்கூலி என்று சொல்லிச் சிலரைப் பதியாமலே விட்டுவிடுகிறார்கள். சம்பளச் சீட்டில் சொக்சோ பிடித்தம் இல்லையென்றால், அருகிலுள்ள சொக்சோ அலுவலகத்தில் அடையாள அட்டையைக் காட்டிப் பதிவைச் சரிபார்க்கலாம்.