ஏ00: ஒரு வாலின் வரலாறு

சின்ன எல்.சி.டி. திரை ஒண்டைத் திருப்பிப் பார்த்தால் 1602 எண்டு இருக்கும். வரிக்கு 16 எழுத்து, 2 வரி. அது லேசு. சங்கதி, கறுப்புப் பொட்டுக்குள் மூடிக்கிடக்கும் சிப்பின் பெயரில்தான்.

1980களில் பரவிய ஹிட்டாச்சியின் எச்.டி.44780 சிப்பும் அதன் நகல்களும்தான் இந்தத் திரைகளை இயக்கின. இலக்கத்தின் வால் ஏ00 என்றால் உள்ளே ஜப்பானியக் கதகானா, ஏ02 என்றால் ஐரோப்பிய எழுத்துகள். ஏ00இல் பின்சாய்கோடு கேட்டால் யென் குறி வரும். ஜப்பான் 1969இல் வகுத்த எழுத்துக்குறியீட்டின் மிச்சம் அது.

தமிழுக்கு வால் இல்லை. நாங்களே வரைய 8 இடம் மட்டும், ஒவ்வொன்றும் 5க்கு 8 புள்ளி.

‘மானிப்பாய்’க்கு ம, அரவு, னி, ப், ப, ய் என 6 போதும். (1860களிலேயே கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த ஊர்!) ‘யாழ்ப்பாணம்’ எழுத 7 வேணும், ‘ண’வை 5 புள்ளிக்குள் நெருக்கிறதே பெரும்பாடு. இரண்டுக்கும் சேர்த்து 10. ஒரே நேரத்தில் நிற்காது. ஊரைக் காட்டி, அழிச்சுப்போட்டுத்தான் மாவட்டத்தைக் காட்டலாம்.