வெள்ளைக்குள் வெள்ளை

நான் குடியிருக்கும் பலெர்மோவின் கபோ பகுதியில், சந்தை இரைச்சலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் புனித ஆகத்தாவின் பழைய கோவில் வரும். கி.பி. 251இல் மார்பு அறுக்கப்பட்டு உயிர்நீத்தவள் என்பது மரபு. கத்தானியாவும் பலெர்மோவும் அவளைத் தம் மகள் என்றே சொல்லும். 1624 கொள்ளைநோயின்போது புனித ரொசாலியா முதலிடம் பெறும்வரை பலெர்மோவின் காவல் புனிதைகளில் இவளும் ஒருத்தி. குவாத்ரோ கான்தி நாற்சந்தியில் இவள் சிலை இன்னும் நிற்கிறது. மார்பில் நோய் கண்ட பெண்கள் தலைமுறை தலைமுறையாக இவளிடம்தான் நேர்ந்தார்கள்.

இப்போது இங்கே 50 முதல் 69 வயதுப் பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கொருமுறை இலவச மேமோகிராம் உண்டு. அழைப்புக் கடிதத்தை எறிந்துவிடாதீர்கள் என்று நம் பெண்களிடம் கெஞ்சுவேன். ஆனாலும் அடர்ந்த மார்புத் திசு படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒன்றுக்குள் ஒன்று மறைந்துவிடும். 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், மிக அடர்ந்த மார்புள்ளவர்களில் ஒரு பகுதியினரை எம்.ஆர்.ஐ.க்கும் அழைத்தார்கள். இரு பரிசோதனைகளுக்கு இடையில் தலைகாட்டும் புற்றுநோய் ஆயிரம் பேருக்கு 5 என்பது, அழைக்கப்பட்டவர்களிடையே 2.5 ஆக இருந்தது. 2022இல் ஐரோப்பிய மார்பகப் படிமவியல் சங்கமும் இத்தகையோருக்கு எம்.ஆர்.ஐ.யைப் பரிந்துரைத்தது. அக்காமாரே, உங்கள் அடர்த்தி ஏ, பி, சி, டி என்பதில் எந்த வகை என்று மருத்துவரிடம் கேளுங்கள்.